தூய நேரப் படிப்பகம்

எங்கள் படிப்பகத்தில் பாடம் சொல்லித் தரமாட்டார்கள். நாம் படிக்காமல் இருந்த நேரத்தைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள். அதற்குத்தான் மாதக் கட்டணம்.

கல்லூரி நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதி, நடுவில் கட்டாய ராணுவச் சேவைக்கும் போய்வந்து, மூன்றாம் முறைக்கு நான் தயாராகிக்கொண்டிருந்தேன். 'தயாராகி' என்பது பெரிய வார்த்தை. விடிவதற்கு முன்பே, கொரியாவில் எங்கள் தேஜோன் நகருக்கு வெளியே இருக்கும் பார்சல் கிடங்கில் லாரிகளிலிருந்து பெட்டி இறக்கப் போய்விடுவேன். மதியத்துக்கு மேல்தான் என் நேரம் எனக்கு. அதிலும் தூக்கம் வந்து பங்கு கேட்கும். மிச்சத்தில் நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மொத்தமுள்ள ஒன்பது தரங்களில், கணக்கில் மூன்றாம் தரம் வாங்குவது. வாங்கினால் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவம் படிக்கலாம். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கித் தூக்கி, வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியாமல் இருந்தாள். என் இடுப்பும் பெட்டிகளின் தயவால் அவள் தோளுக்குத் துணையாகி வந்தது. ஆக, அந்தத் துறையில் எங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே முன்னனுபவம் உண்டு.

மற்ற பாடங்கள் எப்படியோ தேறிவிடும். கணக்கிலும் ஒரே ஒரு பகுதிதான் தொல்லை. இயல்நிலைப் பரவல். ஒரு மணியைத் தரையில் வைத்த மாதிரி வளைவு, பக்கத்தில் ஒரு அட்டவணை. இரண்டு தேர்விலும் அந்த மணி எனக்கு அடித்தது சாவு மணிதான்.

கிடங்கு மேற்பார்வையாளர் என்மேல் பிரியமானவர்.

"மூயோங், இந்த நவம்பர்த் தேர்வோட ஆசை தீர்ந்துடும்ல?" என்பார். "டிசம்பர்ல நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட்டுடு. உனக்குன்னு நல்ல கையுறை ஒரு ஜோடி எடுத்து வச்சிருக்கேன்."

அன்பாகத்தான் சொல்வார். அதுதான் பயமாக இருந்தது.

"வீட்ல உக்காந்தா தூங்கிடற. அங்க தூங்க விடமாட்டாங்களாம்" என்று அம்மாதான் என்னைப் படிப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பழைய கட்டடம். கீழே பொரித்த கோழிக் கடை, அதன் மேல் பல் மருத்துவமனை, அதற்கும் மேல் நாங்கள். இயக்குநர் போங் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அவர் மருத்துவர் இல்லை. ஒரு பால் பண்ணையில் தூய்மைப் பரிசோதனைப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். கோட்டு மட்டும் ஓய்வுபெறவில்லை. சேர்ந்த அன்று மதியம் முழுக்க வரவேற்புரை.

"நான் ஆயுசுல பாதி பால் பார்த்தவன்" என்று ஆரம்பித்தார். "பால்ல கலந்த தண்ணி கண்ணுக்குத் தெரியாது. உங்க படிப்புல கலந்த தூக்கம், கனவு, பெருமூச்சு, இதுவும் அப்படித்தான். நாள் பூரா உக்காந்தேன்னு அம்மாகிட்ட சொல்லுவீங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அதுல பால் எவ்வளவு?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"பாடத்துல சந்தேகம் வந்தா யாரைக் கேக்கறதுங்க?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"நேரத்தைப் பத்தின சந்தேகம்னா என்னைக் கேளு. பாடத்தைப் பத்தினதுன்னா அது உன் சொந்த விஷயம். அடுத்தவங்க சொந்த விஷயத்துல தலையிடறவன் நான் இல்ல."

ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிறுத்துக் கடிகாரம். கண் புத்தகத்தில் இருந்தால் அது ஓடலாம். தலை நிமிர்ந்தால் நிறுத்தவேண்டும். தும்மினால் நிறுத்தவேண்டும். கடிகாரம் ஓடிய நேரம் மட்டும்தான் தூய நேரம். தலைக்கு மேலே கேமரா. கண்ணாடி அறைக்குள் மேலாளர் யோம் என்ற அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். வாசலில் ஒரு மின்பலகை, அதில் எங்கள் தூய நேரம் வரிசைப்படி ஒளிரும். பெயர்கள் இல்லை, இருக்கை எண்கள்தான். நான் இருபத்தேழு.

இரண்டாம் நாள் இயல்நிலைப் பரவலைத் திறந்தேன். முதல் கணக்கைப் படித்தேன். புரியவில்லை. கூரையைப் பார்த்தேன். தோளில் ஒரு விரல் தட்டியது.

"இருபத்தேழு, கடிகாரத்தை நிறுத்துங்க" என்றார் யோம்.

"படிச்சிட்டுதாங்க இருக்கேன்."

"கூரையைப் பார்த்தீங்க."

"யோசிச்சேங்க."

"அதைத்தான் சொல்றேன். யோசிக்கறப்ப படிக்க முடியாதில்ல? நிறுத்துங்க. யோசனையெல்லாம் வீட்டுலயே முடிச்சிட்டு வரணும்."

அந்த வாரம் என் நேரத்தின் தூய்மை குறைவு என்று ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். நேரத்தை வீணாக்குவதன் தீமைகள் பற்றி யோம் விரிவாகப் பேசினார். ஆலோசனை என்பது படிப்பு அல்ல என்பதால் அந்த நேரமும் கழிக்கப்பட்டது. தூய்மை இன்னும் குறைந்ததால் அடுத்த வாரம் ஆலோசனை கூடியது. அதற்கடுத்த வாரம் இன்னும் கூடியது. கோடை முடியும்போது பலகையில் என் எண்ணுக்கு எதிரே ஒரு கழித்தல் குறி முளைத்திருந்தது.

"பயப்படாதீங்க" என்றார் யோம். "நம்ம பலகை பூஜ்யத்துக்குக் கீழயும் காட்டும். நல்ல பலகை."

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"கணக்குப்படி பார்த்தா, நீ இங்க வராமலே இருந்திருந்தா இதைவிட அதிகமாப் படிச்சிருப்ப."

"எனக்கும் அப்படித்தாங்க தோணுது."

"பாரு, குறையை ஒத்துக்கற. இதுதான் முன்னேற்றம்."

நான் வணங்கிவிட்டு வந்தேன். கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. காலையில் பெட்டி இறக்கியபோதே கோபத்தையும் சேர்த்து எங்கோ இறக்கி வைத்துவிட்டேன் போலிருந்தது.

கட்டடத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு கழிப்பறை. எங்கள் தளத்துக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவே, மாடிப்படி திரும்புகிற இடத்தில் இருந்தது. யாரும் ஞாபகமறதியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாதென்று அதன் சாவியை ஒரு சோற்றுக் கரண்டியில் கட்டியிருந்தார்கள். எப்போதும் வரிசை இருக்கும். கோழிக் கடையில் பீர் குடித்தவர்கள், பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டு பாதி முகம் மரத்துப்போனவர்கள், அப்புறம் நாங்கள். மரத்துப்போனவர்கள் எங்களைத் தங்கள் ஆட்கள் என்றே நினைத்து, கோணல் வாயால் சிரிப்பார்கள்.

அங்கே கேமரா கிடையாது. நான் புத்தகத்தை முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு போய், வரிசையில் நின்று விரித்தேன்.

"என்னடா அது?" என்று முன்னால் நின்றவள் திரும்பினாள்.

இருபத்தாறாம் இருக்கை. தாக் சோயுல். பலகையில் எப்போதும் முதலிடம். உள்ளே அவள் முதுகைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புக் கம்பி மாதிரி நிமிர்ந்திருக்கும். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்கு இது ஐந்தாவது தேர்வு.

"இயல்நிலைப் பரவல், அக்கா."

"எத்தனை நாளா?"

"ராணுவத்துக்குப் போறதுக்கு முன்னாடியிலேர்ந்து."

"அடப்பாவி. குடு இங்க."

"உங்க நேரம் வீணாகும்கா. நீங்க முதலிடமாச்சே."

"உள்ள நான் தூங்கறேன்டா" என்றாள் சாதாரணமாக.

"கண்ணைத் திறந்துகிட்டேவா?"

"ஆமா. அப்பப்ப கை தானாப் பக்கத்தைத் திருப்பிடும். அஞ்சு தடவை எழுதினா உனக்கும் வரும், அவசரப்படாத. படிப்பெல்லாம் இங்கதான், இந்த வரிசையில. எனக்குக் கழிப்பறை அவசரமே கிடையாது. என் முறை வந்தா திரும்பிப் போய் கடைசியில நின்னுக்குவேன்."

மாடிப்படி ஜன்னலில் கோழிக் கடை ஆவி படிந்திருந்தது. அதில் விரலால் ஒரு மணி வரைந்தாள்.

"நடுவுல இருக்கு பாரு மேடு, அதுதான் சராசரி. ஆளுங்க முக்காவாசி அந்த மேட்டுமேலதான் நிப்பாங்க. ஓரத்துக்குப் போகப் போகக் கூட்டம் குறையும்."

"நாம ஓரமாக்கா?"

"நாம ஓரம்னு நினைச்சுகிட்டு மேட்டுல நிக்கறவங்க. அங்கதான் கூட்டமே அதிகம்."

எனக்குப் புரிந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒன்று புரிந்தது. அதிர்ச்சியில் வரிசையில் என் இடத்தை ஒரு பல் நோயாளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்.

செய்தி பரவியது. ஒவ்வொருவராகக் கரண்டிக்குக் கை நீட்ட ஆரம்பித்தார்கள். இலக்கணம் தெரிந்தவன் ஒருவன், உயிரியல் தெரிந்தவள் ஒருத்தி என்று மாடிப்படி முழுக்கப் படிப்பு. பீர் குடித்துவிட்டு மேலே வந்த ஒரு மாமா, வரிசையில் நின்றபடியே எங்களோடு ஆங்கிலச் சொற்களை ஒப்பித்துவிட்டு, வந்த வேலையை மறந்து கீழே போனார்.

கழிப்பறைக்குப் போகும் நேரம் கண்டபடி ஏறியிருப்பதை இயக்குநர் கண்டுபிடித்தார். வயிறு சரியில்லை என்ற முடிவுக்கு வந்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் மாலையில் பூசணிக் கஞ்சி. கஞ்சியின் நோக்கம் வயிற்றைக் கட்டுவது. அது வேறு விதமாக வேலை செய்தது. இப்போது உண்மையாகவே அவசரமானவர்களும் வரிசையில் சேர்ந்ததால் வரிசை நீண்டது, படிப்பு செழித்தது.

இலையுதிர் காலத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தார். மேசைகளுக்கு இடையே நாடா பிடித்து அளந்தார். தீயணைப்பான்களைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மாடிப்படிக்கு வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீ எதுக்குப்பா இங்க நிக்கற?" என்று என்னைக் கேட்டார்.

"கணக்குக்காகங்க."

"பையன் தமாஷாப் பேசுவான்" என்று இயக்குநர் சிரித்தார்.

"படிப்பெல்லாம் எங்க பிரிவுக்கு வராது" என்றார் அதிகாரி, கொஞ்சம் பெருமையாகவே. "அது வேற பிரிவு. நாங்க இடைவெளி, தீ, காற்றோட்டம். அந்த வகையில சொல்றேன், இந்த மாதிரி ஒரு வரிசையை நான் பார்த்ததே இல்ல. இடிச்சுக்கல. முண்டியடிக்கல. பாருங்க, இந்தப் பொண்ணு தன் முறை வந்தும் விட்டுக்கொடுத்துட்டு பின்னாடி போறா! உள்ள ஒழுங்கா இருக்கறது பெரிசில்ல. கழிப்பறை வாசல்ல ஒழுங்கா இருக்கறதுதான் நாடு."

எங்கள் வரிசைக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். அதைத் தினமும் பார்த்ததில்தான் வினை வந்தது. இவ்வளவு நீளமான வரிசையில் எவ்வளவு நேரம் கொட்டிப்போகிறது என்று இயக்குநருக்கு உறைத்தது. காப்பிக் கடைகளில் தருவார்களே, நம் முறை வந்தால் அதிர்கிற அந்த வட்ட வில்லை, அதில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். இனி யாரும் வரிசையில் நிற்கவேண்டாம். மேசையிலேயே இருக்கலாம். வில்லை அதிர்ந்தால் போகலாம்.

மாடிப்படி காலியாகிவிட்டது. ஜன்னலில் மட்டும் மணி கொஞ்ச நாள் மங்கலாகத் தெரிந்தது.

எனக்குப் பாதிப் பாடம்தான் முடிந்திருந்தது. வளைவு புரிந்துவிட்டது. கணக்கில் கொடுக்கிற எண்ணை எப்படி அந்த அட்டவணைக்குள் கொண்டுபோவது என்பது புரியவில்லை. அந்த ஒரு படி இல்லாமல் விடை வராது. உள்ளே வாய் திறந்தால் அபராதம். வெளியில் கேட்கலாமே என்பீர்கள். படிப்பகம் மூடும்போது அக்காவின் கடைசிப் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும். அக்கா அதன் பின்னால் ஓடிக்கொண்டிருப்பாள். காணொளிப் பாடம் கேட்கலாமென்றால், 'வணக்கம் மாணவர்களே' என்பதற்குமேல் என்னால் விழித்திருக்க முடிந்ததில்லை.

தேர்வுக்கு முந்தின நாள். கிடங்கில் விடுப்பு வாங்கியிருந்தேன். ஒரு முழு நாள் எனக்கே எனக்கு. அந்த நாளில் படிப்பகம் வழியனுப்பு விழா வைத்தது. வராதவர்களின் தூய நேரம் மொத்தமும் ரத்து என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு ரத்து செய்ய எதுவும் இல்லை, கழித்தல் குறிதான் இருந்தது. அது ரத்தானால் லாபம்தான். ஆனால் அம்மாவுக்கும் அழைப்பு போயிருந்தது. அவள் பெரியவர்கள் கூப்பிட்டால் போகாமல் இருக்கிறவள் இல்லை.

தேர்ச்சி ஒட்டிக்கொள்ளவேண்டும் என்று எல்லோருக்கும் பிசுக்குமிட்டாய் கொடுத்தார்கள். அது பல்லில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்க முடியாமல் உரைகளைக் கேட்டோம். நேரம் பொன்னை விட உயர்ந்தது என்பது பற்றி இயக்குநர் பகல் முழுக்கப் பேசினார்.

"கடைசியா ஒண்ணு" என்று நான்காவது முறையாகச் சொன்னார். "நீங்க நாளைக்குத் தேர்வுல என்ன எழுதறீங்கங்கறது எனக்கு முக்கியமில்ல. நான் என் வேலையைச் செஞ்சுட்டேன். பால் தூய்மையா இருந்துச்சு. தயிராகறது தயிரோட பொறுப்பு."

கைதட்டல்.

பிறகு, ஆண்டின் தூய்மையான மாணவிக்குப் பதக்கம். சோயுல் மேடையேறினாள். கண் திறந்திருந்தது. விழித்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"இவ்வளவு தூய நேரத்தை எப்படிச் சேர்த்தே, நாலு வார்த்தை சொல்லும்மா" என்றார் இயக்குநர்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். என்னைக் கண்டுபிடித்தாள். திரும்பி, வெள்ளைப் பலகையில் ஒரு மணி வரைந்தாள்.

"நம்ம எல்லாரும் இந்த மேட்டுலதான் நிக்கறோம்" என்று ஆரம்பித்தாள். "நாம எங்க நிக்கறோம்னு தெரியணும்னா முதல்ல ஒண்ணு செய்யணும். நம்மகிட்டேர்ந்து சராசரியைக் கழிக்கணும்."

"ஆகா" என்றார் இயக்குநர்.

"கழிச்சா மிச்சம் ஒண்ணு வரும். அது எவ்வளவு பெரிசுன்னு பார்த்து மலைச்சுப் போகக் கூடாது. அதைத் திட்ட விலக்கத்தால வகுக்கணும். கழி. வகு. மாத்திச் செய்யாத. வர்ற விடையை எடுத்துகிட்டு நேரா அட்டவணைக்குப் போ. அங்க உனக்குன்னு ஒரு இடம் எழுதி வச்சிருக்கு. புரியுதாடா?"

வாயில் மிட்டாய். தலையை ஆட்டினேன்.

"ஒரு எண்ணைப் போட்டுக் காட்டறேன்" என்றாள். போட்டுக் காட்டினாள். இடது பக்கம் விழுந்தால் என்ன, வலது பக்கம் விழுந்தால் என்ன, இரண்டையும் காட்டினாள். எனக்கு உள்ளே ஏதோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பின்வரிசையில் இருந்த இருவர் சட்டைக் கையிலேயே எழுதிக்கொண்டார்கள்.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா? விலக்கத்தால வகுக்கணும்! கவனம் விலகறதை எவ்வளவு அழகாச் சொல்லிட்டா! இத்தனை வருஷம் நான் சொல்லத் தெரியாம தவிச்சதை இந்தப் பொண்ணு ஒரு படத்துல சொல்லிட்டா."

'உன்னிடமிருந்து சராசரியைக் கழி' என்று இப்போது அந்த வாசலில் தங்க எழுத்தில் எழுதியிருக்கிறது.

மறுநாள், ஒவ்வொரு தேர்வு நாளிலும் செய்வதுபோல, நகரம் சத்தமெல்லாம் அடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தது. அம்மா நாற்காலி போட்டு ஏறி மேல் அலமாரியிலிருந்து நல்ல டப்பாவை எடுத்து மதியச் சாப்பாடு கட்டியிருந்தாள். கணக்குத் தாளில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மணி இருந்தது. படித்தேன். புரிகிற மாதிரி இருந்தது, பிடிபடவில்லை. தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன். கை தானாக மேசையில் கடிகாரத்தைத் தேடியது, நிறுத்துவதற்காக. அங்கே கடிகாரம் இல்லை. யாரும் தோளில் தட்டவில்லை. தேர்வறை மேற்பார்வையாளர் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆசை தீரக் கூரையைப் பார்த்தேன். அதில் ஒரு நீர்க்கறை இருந்தது. கழி. வகு. அட்டவணைக்குப் போ. போனேன். எனக்கென்று ஒரு இடம் எழுதியிருந்தது.

டிசம்பரில் முடிவு வந்தது. கணக்கில் மூன்றாம் தரம். அம்மா ஒரு கையை மட்டும் உயர்த்தி ஆடினாள். கிடங்கு மேற்பார்வையாளர் கையுறையைக் கொண்டுவந்து நீட்டினார். "வச்சுக்கோ, குளிருக்கு ஆகும்" என்றார்.

படிப்பகத்தின் முகப்பில் பெரிய பதாகை தொங்கியது. அதில் என் தேர்ச்சி இல்லை. சோயுலின் தூய நேரம்தான் இருந்தது.

அக்காவை மாட்டெலும்பு சூப்புக் கடைக்குக் கூப்பிட்டேன். அவளிடம் முடிவைக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"தாளைக் குடுத்தாங்கடா. மேசை, நாற்காலி, முன்னாடி ஒரு ஆள் நின்னு பார்த்துகிட்டிருக்கான். உடம்பு தூங்கிடுச்சு."

நான் கரண்டியை வைத்துவிட்டேன்.

"கண்ணு திறந்துதான் இருந்துச்சு. பக்கம்கூடத் திருப்பியிருக்கேன் போல. மேற்பார்வையாளர் என்னை மெச்சற மாதிரி பார்த்துகிட்டே போனார்." அவள் சூப்பில் சோற்றைக் கொட்டினாள். "நின்னுகிட்டே எழுத விட்டிருந்தா எழுதியிருப்பேன்."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சூப்பு ஆறியது.

"படிப்பகத்துல என்ன சொன்னாங்கக்கா?"

"அடுத்த வருஷத்துக்குப் பாதிக் கட்டணமாம். நான்தான் முன்மாதிரியாம்."

"போகப்போறீங்களா?"

"வேற எங்கடா போறது? வீட்டுல மேசைதான் இருக்கு."

இதற்கு எனக்கு ஒரு வழி தோன்றியது. என் வாழ்நாளில் யோசனை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான், அதையும் கூரையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் ஊரில் ஒரு ரொட்டிக் கடை உண்டு. வெளியூர்க்காரர்கள் ரயிலேறி வந்து வரிசையில் நிற்பார்கள். வரிசை தெருமுனை திரும்பி, வங்கியைத் தாண்டி, அடுத்த தெருவுக்குள் போகும். இப்போது வாரக் கடைசிகளில், எனக்குப் பல்கலைக்கழக வகுப்பு இல்லாத மாலைகளில், நானும் அக்காவும் அங்கே நிற்கிறோம். அவள் சட்டைக் கைக்குள்ளிருந்து தாளை எடுக்கிறாள். நான் கேள்வி கேட்கிறேன். கண்ணில் தூக்கம் தெரிந்தால் காலை மிதிக்கிறேன். அவள் திருப்பி மிதிக்கிறாள். குளிருக்குக் கிடங்குக் கையுறையை ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்கிறோம்.

போன வாரம் இரண்டாம் பகுதியை முடிக்கும்போது கடை வாசலுக்கே வந்துவிட்டோம். உள்ளேயிருந்து வெண்ணெய் மணந்தது. கல்லாவில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்து, "வாங்க, உங்க முறைதான்" என்றார்.

"இன்னும் ஒரு பகுதி இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, கடைசிக்குப் போய் நின்றுகொண்டோம்.